பிரிவுபசாரவியல்: பிடிக்காத மேலாளர் முன்னிலையில் கேக் வெட்டுதல் குறித்து

தலைவன் பிரியும் காரணங்களாகத் தொல்காப்பியர் ஓதல், பகை, தூது ஆகியவற்றைச் சொன்னார். பொருள்வயிற் பிரிவையும் சொன்னார். மேலாளரைத் தாங்கமாட்டாமல் பிரிந்துவிட்டு, பொருள்வயின் பிரிவதாக ராஜினாமாக் கடிதத்தில் எழுதும் பிரிவை மட்டும் சொல்லவில்லை. நூலாசிரியர் மறந்துவிட்டார் என்று எழுதுவது நம் மரபன்று. இத்தகைய இடங்களில் பழைய உரையாசிரியர்கள் 'இலேசினால் கொள்க' என்று எழுதிவிட்டு அடுத்த நூற்பாவுக்குப் போய்விடுவார்கள். நானும் கொண்டேன்.

இனி, திணை. பிரிவு என்றதுமே பாலை என்று பாய்வது மாணவர் வழக்கம். பாலைக்குரிய சிறுபொழுது நண்பகல். சாப்பாட்டு நேரத்தை விட்டுக்கொடுத்து எந்த அலுவலகமும் எவரையும் வழியனுப்பாது. பிரிவுபசாரம் நடப்பது நாலரை மணிக்கு. அது எற்பாடு, நெய்தலுக்குரியது. நெய்தலின் உரிப்பொருள் இரங்கல். கடல் எங்கே என்று கேட்பவர்கள், கான்பரன்ஸ் ஹாலில் ஏசி சொட்டும் மூலையில் வைத்திருக்கும் பிளாஸ்டிக் வாளியைக் காண்க. இரங்குவது யார் என்பது தனி ஆய்வு. போகிறவர் அல்லர்.

இதற்கு நூற்பா இல்லாத குறையை நானே தீர்த்துவைக்கிறேன்:

வெறுத்த மேலாளர் வீற்றிருந் தக்கால்
பொறுத்து நின்று புகழ்வதே மரபே.

'புகழ்வதே' என்பதிலுள்ள ஏகாரம் தேற்றம் என்கிறது கணக்குப் பிரிவு உரை. பிரிநிலை என்கிறது டெஸ்பாட்ச் பிரிவு உரை. அதாவது, உண்மை பேசுவது பிரித்து நீக்கப்பட்டது என்று பொருள். நடைமுறையில் இரண்டுக்கும் ஒரு வேறுபாடும் இல்லை. சண்டை ஓயாததற்குக் காரணமும் அதுவே.

புகழ்வது ஏன்? ரிலீவிங் ஆர்டர், அனுபவச் சான்றிதழ், கணக்குத் தீர்த்துத் தரவேண்டிய பணம் எல்லாம் இன்னும் கைக்கு வரவில்லை என்பதால். பி.எஃப். கணக்கில் வேலையை விட்ட தேதியைப் பதியும் உரிமைகூட 2020 வரை நிறுவனத்தின் கையில்தான் இருந்தது. பிறகு ஊழியரே பதியலாம் என்றாயிற்று. அதற்கும் கடைசித் தவணை கட்டிய மாதத்திலிருந்து இரண்டு மாதம் பொறுக்கவேண்டும். அந்த இரண்டு மாதமும் இவ்வியலில் புகழ்ச்சிக் காலம் எனப்படும்.

சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுகிறவர்கள் இந்த ஆய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டவர்கள். அன்று பார்த்துக் காய்ச்சல் வருகிறவர்களுக்குக் கேக் இல்லை.

மேடைப் பேச்சுக்கு முன்னோடி ஔவையார். தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைப் பார்த்துவிட்டு, உன் ஆயுதங்கள் நெய் பூசிப் பளபளவென்று இருக்கின்றன, எங்கள் அதியமானுடையவை முனை முறிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன என்று அவர் பாடியது புறநானூற்றின் 95ஆம் பாட்டு. அதே முறையில், "சாருடைய மேசையில் ஒரு ஃபைல்கூடத் தேங்கி நான் பார்த்ததில்லை" எனலாம். தேங்கியவை யார் மேசையில் என்பது அவைக்குத் தெரியும். "ராத்திரி பதினொன்றரை மணிக்கும் எங்களை நினைத்துக்கொள்வார்" எனலாம். கைதட்டல் பின்வரிசையிலிருந்து தொடங்கினால் பேச்சு புரிந்துவிட்டது என்று அறிக. அணிநயம் கைவராதவர்கள் நச்சினார்க்கினியரைப் பின்பற்றலாம். 103 அடி முல்லைப்பாட்டில் எங்கோ கிடக்கும் சொல்லை எடுத்து வேறெங்கோ ஒட்டிப் பொருள் முடித்தவர் அவர். மறைமலையடிகள் அதற்காகக் கடிந்துகொண்டார். இவ்வாறே முதல் வாக்கியத்தில் 'நம் மேலாளர்' என்றும், பதினெட்டாம் வாக்கியத்தில் வேறு பேச்சுக்கிடையே 'தொலைந்தால் போதும்' என்றும் வைத்துவிட்டால், கூட்டிக்கொள்வது கேட்பவர் பாடு.

ஆய்வின் மையம் கேக்கின் முதல் துண்டு. மற்றவற்றை அவசரமாகக் கடந்ததே இங்கு வந்து சேர்வதற்குத்தான்.

முதல் துண்டு மேலாளருக்கே என்பதில் கருத்து வேறுபாடில்லை. அவர் கத்திக்குப் பக்கத்திலேயே நிற்பார். தட்டில் வைத்துக் கொடுப்பதா, வாயில் ஊட்டுவதா என்பதில்தான் அறிஞர் பிரிவர். 'தட்டே தகும்' (கேன்டீன் வாய்மொழி, இரண்டாம் மேசை). 'ஊட்டுக; ஆனால் அவர் முகத்தைப் பார்க்காமல் கேமராவைப் பார்த்து ஊட்டுக' (மாடிப்படித் திருப்பத்தில் சிகரெட் அணைவதற்குள் சொன்னது; சாம்பல் உதிர்ந்ததில் கடைசிச் சொல் சிதைந்துள்ளது). 'ஊட்டும் துண்டு பெரிதாக இருத்தல் வேண்டும், வாய் நிறைந்திருக்கும்வரை அவரால் பேச இயலாது, பேச இயலாதபோது, நாம் ஒரு குடும்பம் என்ற உரை குறைந்தது இரண்டு நிமிடம் தள்ளிப்போகும்' (லிஃப்டில், மூன்றாம் மாடிக்கும் தரைத்தளத்துக்கும் இடையே கூறியது, தரைத்தளத்தில் கதவு திறந்தபோது எதிரே மேலாளரே நின்றதால், 'சார் மாதிரி வருமா' என்று முடியும் பாடமும் உண்டு). உ.வே.சா. காட்டிய நெறிப்படி பிரதிபேதம் கொடுத்துவிட்டேன்.

பெருந்துண்டுக் கொள்கைக்கு ஒரு தடை, எதிரூட்டல். மேலாளர் தாம் கடித்ததில் மீதியை எடுத்துப் போகிறவர் வாய்க்கு நேரே நீட்டுவார். சுற்றி முப்பது செல்போன்கள். உதட்டில் க்ரீம் படாமல் பல்லால் மட்டும் கவ்வுவது ஒரு முறை. 'சுகர் சார்' என்று பின்வாங்குவது இன்னொன்று; சற்றுமுன் ஜிலேபி தின்றதை யாரும் பார்த்திருக்கக் கூடாது. தலையைத் திருப்பிக் கன்னத்தில் வாங்கிக்கொண்டு விளையாட்டாக்கிவிடுவதும் உண்டு, இளைஞர்களுக்கே பொருந்தும். பெருந்திணையைப் பொருந்தாக் காமம் என்றார்கள். இதைப் பொருந்தாக் கேக் என்க. இதற்காக ஒரு பன்னாட்டுக் கருத்தரங்கம் கூட்டலாம். மலேசியாவிலிருந்து ஒருவர் வாழ்த்துச் செய்தி அனுப்பினால் பன்னாடு ஆகிவிடும். கட்டுரையாளர்கள் கட்டணம் கட்டினால் தொகுப்பும் வந்துவிடும்.

பொன்னாடை: மேலாளருக்குப் போன வருடம் போர்த்தியது.

மிச்சக் கேக் என்ன ஆகிறது என்பது பற்றி வாய்மொழிகள் மௌனம் சாதிக்கின்றன. இலக்கியம் மௌனமாகும் இடத்தில் கல்வெட்டுப் பேசும் என்பார்கள். வாசல் செக்யூரிட்டி ரிஜிஸ்டரில், மேலாளரின் கார் எண்ணுக்கு எதிரே, 'கேக் டப்பா 1, வெளியே' என்றிருக்கிறது. அது 1 அன்று, 7 என்று வாதிட ஒருவர் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருக்கிறார். நெறியாளர் இன்னும் ரிஜிஸ்டரைப் பார்க்கவில்லை.