காகிதத்தில் ஒரு வளவு

சிவமயம்

கெலுகோர், பினாங்கு.
ஆவணி மாதம்.

அன்புள்ள ஆச்சிக்கு,

இந்த வருஷத்து நம் கோயில் புள்ளி வரியை அத்தான் எனக்கும் சேர்த்துக் கட்டிவிட்டதாகச் சொன்னது சந்தோஷம். பணத்தை வங்கிக்கு அனுப்பியிருக்கிறேன்.

அப்பச்சியின் எண்பதாம் சாந்திக்குப் படப் புத்தகம் போடுகிறேன் என்று ஏற்றுக்கொண்டவன், ஐப்பசி நெருங்கிக்கொண்டிருக்கையில் ஒரு பக்கத்தைக்கூடக் கண்ணில் காட்டவில்லையே, நம் ஊர்ச் செக்காலை ரோட்டில் பிளெக்ஸ் அடிக்கிற பையன் அரை மணி நேரத்தில் செய்து கொடுத்துவிடுவானே, அதற்கு உனக்கு மென்பொருள் என்ன, யந்திரம் என்ன என்று நீங்கள் கேட்டது தொலைபேசியில் பதில் சொல்லி முடிகிற கேள்வியன்று. அந்தப் பையனுடைய சாமர்த்தியத்தை நான் குறைவாக மதிக்கவில்லை. அப்பச்சியின் முகத்தை வெட்டியெடுத்து, ஒரு தாமரையின் நடுவில் வைத்து, பின்னால் சூரியோதயமும் பக்கத்தில் வெண்புறாக்களும், கீழே பேரன் பேத்திகளின் பாஸ்போர்ட்டுப் படங்களுமாக அவன் ஜோடித்துவிடுவான். ஆனால் காதுகுத்துக்கும் அவனிடம் அதே தாமரை, கண்ணீர் அஞ்சலிக்கும் அதே புறா. இதனால்தான் காரியத்தை நான் கையிலெடுத்தேன்.

படத்தை ஒட்டி, சுற்றிலும் பூ வெட்டி, ஓரத்தில் இரண்டு வரி எழுதி வைக்கும் பழக்கம் மேல்நாட்டாருக்கு வெகுநாளையது. மார்க் ட்வைன் என்ற அமெரிக்க ஹாஸ்ய ஆசிரியர், முன்பே பசை தடவிய ஒட்டுப் புத்தகம் ஒன்றைக் கண்டுபிடித்து, 1873இல் அதற்குக் காப்புரிமையும் வாங்கி வைத்தார். ஹாஸ்யம் எழுதுகிறவனுக்கு ஓர் உபதொழிலும் வேண்டும் என்பதை உணர்ந்த புண்ணியவான். இப்போது அந்தப் பசையும் கத்தரியும் கணினிக்குள் புகுந்துவிட்டன. பக்கம் என்பது 12 அங்குலச் சதுரம். அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் தெளிவாக அச்சாகவேண்டுமானால் குறுக்கே 3600, நெடுக்கே 3600. அதன்மேல் படத்துக்கு ஓர் அடுக்கு, சட்டத்துக்கு ஓர் அடுக்கு, நிழலுக்கு ஓர் அடுக்கு என்று ஏற்றிக்கொண்டே போகலாம். நடுவில் ஓர் அடுக்கை மறைத்து வைத்துவிட்டு, ஆத்தாளின் படம் எங்கே போயிற்று என்று ஒரு சாயங்காலம் முழுவதும் தேடவும் செய்யலாம்.

திரையில் செய்ததை வெளியே கொண்டுவர ஒரு வெட்டு யந்திரம் வாங்கினேன். விலையைக் கேட்காதீர்கள், அத்தான் ரிங்கிட்டை ரூபாயாக்கி விடுவார். ஒட்டுந்தன்மையுள்ள பாய் ஒன்றில் காகிதத்தைப் பதித்து உள்ளே செலுத்தினால், ஊசிமுனைக் கத்தியொன்று இடமும் வலமும் ஓடி, திரையில் வரைந்த கோட்டின்படியே அறுத்துத் தருகிறது. அரிய சாதனந்தான். ஆனால் நம் வீட்டுக் கத்தரிக்கோல் எவரிடமும் கடவுச்சொல் கேட்டதில்லை, இது கேட்கிறது. இணையம் இருந்தால்தான் இது காகிதத்தைத் தொடும். பிற்பகலில் இடியும் மழையும் வந்து இணையம் போய்விட்டதோ, கையில் காகிதமும் எதிரே கத்தியும் தயாராக இருக்க, கண்காணாத தேசத்திலிருந்து உத்தரவு வரும் வரையில் நான் ஜன்னலோரம் நின்று மழையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியது. நம் பாட்டனார் ஐயா உண்டியல் எழுதிப் பணம் புரட்டிய காலத்தில்கூட இத்தனை அத்தாட்சி கேட்டிருக்கமாட்டார்கள்.

இதையும் பொறுத்துக்கொள்ளலாம், பொறுக்க முடியாதது புள்ளி. 'அப்பச்சிக்கு எண்பதாம் சாந்தி' என்ற தலைப்பைத் தங்க நிறக் காகிதத்தில் வெட்டி ஒட்டுவது என் உத்தேசம். அதில் மெய்யெழுத்து ஆறு. ஆகவே புள்ளியும் ஆறு. ஆங்கிலத்தில் தலைமேல் புள்ளி தாங்குகிறவை சிறிய ஐயும் ஜேயுமாக இரண்டே எழுத்துகள் என்பதால், யந்திரத்தைச் சிருஷ்டித்தவர்கள் இந்த விஷயத்தில் அதிகம் மூளையைச் செலவிட்டிருக்க நியாயமில்லை. கத்தி முதலில் எழுத்தை வெட்டுகிறது. பிறகு அந்த எழுத்தோடு யாதொரு சம்பந்தமும் இல்லாத தனி வஸ்துவாகப் புள்ளியை வெட்டுகிறது. உரித்தெடுத்தால் எழுத்து கையோடு வருகிறது, புள்ளி பாயிலேயே தங்கிவிடுகிறது. சாமணத்தால் கிள்ளி எடுத்தால் மின்விசிறி அபகரித்துக்கொள்கிறது. விசிறியை நிறுத்தினாலோ, இந்த ஊர்ப் புழுக்கத்தில் நனைந்த விரலில் ஒட்டிக்கொண்டு, போய்ச் சேரவேண்டிய பகரத்தின் தலையைத் தவிர மற்ற எல்லா இடங்களுக்கும் யாத்திரை போகிறது. ஒரு நாள் காலை என் நெற்றியில் அப்படியொன்று தங்கியிருந்ததை அறியாமல் நான் பாயான் லெப்பாஸ் அலுவலகத்துக்குப் போய்விட, மலாய்க்கார நண்பர் ஒருவர் மிகுந்த மரியாதையோடு, இன்று உங்களுக்கு என்ன பண்டிகை என்று விசாரித்தார்.

பரிகாரங்கள் பல செய்தாயிற்று. புள்ளியைப் பெரிதாக்கினால் எழுத்தை அமுக்கிவிடுகிறது. புள்ளிக்கும் எழுத்துக்கும் இடையே மெல்லிய காம்பொன்று வரைந்து, இரண்டையும் ஒரே உருவமாக்கும் 'வெல்டு' என்ற கட்டளையைப் பிரயோகித்தேன். பிரியாமல் வந்தது வாஸ்தவம், ஆனால் அந்த ஆறு எழுத்துகளும் சாந்திக்கு வந்தவையாகத் தோன்றவில்லை, மொட்டைமாடியில் நிற்கும் பழைய தொலைக்காட்சி ஆன்டெனாக்களாகவே தோன்றின. ஓலையில் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று நம் முன்னோர் புள்ளியைத் துறந்தே எழுதினார்கள். பெட்டகத்திலுள்ள பழைய இசைகுடிமானக் கல்யாண ஒப்பந்த ஓலைகளைப் படிக்க அப்பச்சி கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு படும் சிரமம் உங்களுக்குத் தெரியும். அந்த முன்மாதிரியை அனுசரித்து நானும் துறந்து பார்த்தேன். 'அபபசசிககு எணபதாம சாநதி' என்று வந்ததைப் பார்த்துவிட்டு, எந்த டாக்டர் எழுதிக்கொடுத்த மருந்து இது என்று வீட்டில் கேட்டார்கள். கடைசியில், எழுத்தை யந்திரமும், புள்ளியைக் காகிதத்தில் துளையிடும் கைக்கருவியும் வெட்டுவது என்று ராஜியாகியிருக்கிறோம். கைக்கருவி பத்து ரிங்கிட்டுக்குள் கிடைத்தது. அது இணையமும் கேட்பதில்லை.

கொம்பின் கதை தனி. கணினியில் மெய் முன்னாலும் உயிர்க்குறி பின்னாலுமாகப் பதிவாவதால், திரைக்குக் கொண்டுவரும்போது கொம்பை எழுத்துக்கு முன்னே நகர்த்தி வைக்கவேண்டியது மென்பொருளின் கடமை. அந்தக் கடமையை அறியாத ஒன்றில், என் வீட்டுப் படத்துக்கு அடியில் கெலுகோர் என்று தட்டினேன். முதலெழுத்தின் கொம்பு ககரத்தைத் தாண்டிப் போய் அடுத்த எழுத்தோடு சிநேகமாகிவிட்டது. விலாசமே தவறினால் தபால் எப்படி வரும்? இத்தனைக்கும் தமிழைக் கணினியில் ஏற்றி வைத்தவர்களில் ஒருவர் இந்த மண்ணின் பிள்ளை. 1985இல் முரசு அஞ்சலை உருவாக்கிய முத்து நெடுமாறன் மலேசியத் தமிழர்; ஆப்பிள் கணினிகளில் கூடவே வரும் இணைமதி எழுத்துருவும் அவர் கைவண்ணமே. இதை இங்குள்ளவர்களிடம் நான் ஏதோ பங்காளி முறையில் பெருமை பேசிக்கொள்வதுண்டு. அவருடைய விசைப்பலகையில் தட்டி, இங்க்ஸ்கேப் என்ற இலவச மென்பொருளில் எழுத்தைக் கோட்டுருவமாக மாற்றி எஸ்விஜி கோப்பாகக் கொடுத்துவிட்டால், வெட்டு யந்திரத்துக்கு அது தமிழ் என்பதே தெரியாது. வெறும் கோடு என்று எண்ணி ஒழுங்காக வெட்டுகிறது.

பினாங்கு ஸ்திரீட்டு லேவாதேவிக் கிட்டங்கியில் ஐயா கைப்பெட்டிக்கு முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கும் படத்தையும் சேர்த்திருக்கிறேன். பழைய படங்களின் கீறலைத் தானாகவே நீக்கும் வசதி ஒன்று உண்டு என்றார்களே என்று அதை அழுத்தினேன். கீறலெல்லாம் போயிற்று, கூடவே ஐயாவின் நெற்றியிலிருந்த திருநீறும் போயிற்று. மூன்று வெள்ளைக் கோடுகளைக் கண்ட மென்பொருள் வேறு எப்படி நினைக்கும்? ரஜுலா கப்பலில் வந்திறங்கி, கிட்டங்கியில் கால்பட்ட நாள் முதல் ஒரு வேளைகூட வெறும் நெற்றியோடு இராத மனுஷரை அந்தக் கோலத்தில் பார்க்க எனக்கு மனசு வரவில்லை. திரும்பவும் கீறலோடேயே வைத்துவிட்டேன். எதிர்ப்பக்கத்தில் தண்ணீர்மலை முருகனின் வெள்ளி ரதம். 1894இல் காரைக்குடியில் செய்து கப்பலேற்றிய அந்த ரதம் இன்றைக்கும் தைப்பூசத்தில் இந்த ஊர் வீதிகளைச் சுற்றி வருகிறது. நம் ஊரிலிருந்து வந்து இங்கே இத்தனை காலம் மதிப்பாக நிலைத்ததென்று பார்த்தால் அது ஒன்றுதான் என்று எனக்குச் சில சமயம் தோன்றும்.

இனி, நேற்று நடந்ததைச் சொல்கிறேன். ஆத்தாளிடம் மட்டும் சொல்லவேண்டாம்.

புத்தகத்தோடு நம் வளவு வீட்டையும் காகிதத்தில் கட்டி, பேழையில் வைத்து அப்பச்சியிடம் கொடுப்பதாக ஏற்பாடு. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று ஒவ்வொன்றையும் தட்டையாக விரித்து வரைந்து, மடிக்கவேண்டிய இடத்தில் விட்டு விட்டுக் கீறலும், ஒட்டவேண்டிய இடத்தில் சிறு காதுகளும் வைத்து, ஆத்தங்குடிக் கல்லின் பூவேலையைப் படமாகத் தரையில் அச்சிட்டேன். அச்சிட்டதை வெட்ட வேண்டுமானால் தாளின் மூலைகளில் கறுப்புக் குறிகள் இருக்கவேண்டும். யந்திரத்தின் ஒளிக்கண் அவற்றைத் தேடிப் பிடித்து, தாள் எப்படிக் கிடக்கிறது என்று தெரிந்துகொண்ட பிறகே கத்தியை இறக்கும். இந்த ஊர் ஈரக்காற்றில் தாள் ஓரம் சுருண்டுகொண்டால் குறி கண்ணுக்கு அகப்படாது. ஒருவாறு எல்லாம் கூடிவந்து, தூண்களை நிறுத்தி, பசை காய்வதற்காக முன்வாசலில் வைத்தேன்.

இப்போது சீனர்களுக்கு ஏழாம் மாதம். ஆவிகள் வெளியே உலாவும் மாதம் என்பதால் ஆங்காங்கே பந்தல் போட்டு, தாய் சூ யா என்ற தெய்வத்தை மூங்கிலும் காகிதமுமாகப் பிரம்மாண்டமாகச் செய்து நிறுத்தி, கடைசி நாளில் கொளுத்திவிடுவார்கள். இறந்தவர்களுக்கென்று காகித வீடு, காகிதக் கார், காகிதத் தொலைபேசியெல்லாம் கடைகளில் விலைக்கு உண்டு. பக்கத்து வீட்டுச் சீன ஆண்ட்டி கறிகாய்ப் பையோடு வந்தவர், வாசலில் பளபளவென்று நிற்கிற மாளிகையைக் கண்டார். பையைக் கீழே வைத்தார். குரலைத் தாழ்த்தி, உங்கள் வீட்டில் யார் தவறிப்போனது என்று கேட்டார்.

எனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில், தகப்பனாருக்கு என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் உயிரோடு சௌக்கியமாக இருக்கிறார், எண்பது வயதாகிறது, அதற்காகத்தான் இது என்று நான் விளக்க விளக்க, அவர் முகத்தில் முன்னிலும் அதிகமான கலவரம் தோன்றிற்று. உயிரோடிருக்கிற பெரியவருக்கு இதை அனுப்பி வைக்கும் மகன் எப்படிப்பட்டவன் என்று அவர் எண்ணியிருப்பார். என் பெண் வந்து மொழிபெயர்த்த பிறகே சமாதானமானார். உடனே வீட்டுக்குப் போய்ச் சிவப்புக் காகிதம் கொண்டுவந்து, முகப்பு நிலைப்படியில் தம் கையாலேயே ஒட்டி, இனி மங்களந்தான் என்றார். அதோடு விட்டாரா? அனுபவமுள்ளவர் அல்லவா, சுற்றி வந்து பரிசோதித்தார். இத்தனை பெரிய வீட்டில் வேலைக்காரர் ஒருவர்கூட இல்லையே என்றார். கட்டில் எங்கே என்றார். ஏன் எல்லா அறையும் காலியாக இருக்கிறது என்றார். அந்தக் கடைசிக் கேள்விக்கு மலாயிலும் எனக்குப் பதில் தெரியவில்லை, தமிழிலும் தெரியவில்லை.

ஆகையால் ஆச்சி, சில உதவிகள் வேண்டும். வாட்ஸ்அப்பில் நீங்கள் படமாக அனுப்புகிறவை வழியிலேயே மெலிந்து போய், அச்சில் கட்டை விரல் அளவுக்குத்தான் நிற்கின்றன. ஆவணமாக அனுப்பினால் முழு உடம்போடு வந்து சேரும். இரண்டாங்கட்டுத் தூண் ஒரு வரிசைக்கு எத்தனை என்பதில் எனக்கும் வீட்டிலும் தகராறு. சாவி இப்போது எந்தப் பங்காளி வீட்டில் இருக்கிறதோ, அத்தானை அனுப்பித் திறந்து எண்ணச் சொல்லுங்கள். திறந்ததே திறந்தார்கள், பட்டாலைக் கதவுகளையும் சற்று நேரம் திறந்து வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள். போனமுறை வந்தபோது உள்ளே வௌவால் வாடை தாங்கவில்லை.

இன்னொன்று. கார் இல்லாமல் இந்த வீட்டை அனுப்ப ஆண்ட்டி சம்மதிக்கமாட்டேன் என்கிறார். அதை யந்திரத்தின் தயவில்லாமல் கத்தரிக்கோலாலேயே தாமே செய்து தருகிறாராம். அப்பச்சி விற்ற அம்பாசடர் கறுப்பா, கரும்பச்சையா? காரணத்தைச் சொல்லாமல் அவரிடமே கேட்டு எழுதுங்கள்.

இப்படிக்கு,
அன்புத் தம்பி.