சரக்கு ரயில்

குவாலியர் மகாராஜா மாதோ ராவ் சிந்தியாவுக்கு ஒரு பிரச்னை. விருந்து முடிந்ததும் பிராந்தி மேஜையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போயாக வேண்டும். நீங்களும் நானுமாக இருந்தால், "மச்சான், அதைக் கொஞ்சம் இப்படித் தள்ளு" என்று சொல்லியிருப்போம். மகாராஜா மேஜை மேல் தண்டவாளம் போட்டார்!

விளையாட்டில்லை. ஜெய் விலாஸ் அரண்மனைக்குப் போனால் இன்றைக்கும் பார்க்கலாம். நீளமான சாப்பாட்டு மேஜை, அதன் மேல் தண்டவாளம், அதில் வெள்ளியில் செய்த குட்டி ரயில். பெட்டிகளில் பளபளக்கும் கண்ணாடிக் குடுவைகள். பிராந்தி, போர்ட் ஒயின், துணைக்குச் சுருட்டு. ஓடுவது மின்சாரத்தில். உங்கள் எதிரே வரும்போது குடுவையைத் தூக்கினால் ரயில் நின்றுவிடும். ஊற்றிக்கொண்டு திருப்பி வைத்தால் கிளம்பிவிடும். இது நடந்தது 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். பெட்டிகள் மேலே எஸ், சி, ஐ, என், டி, ஐ, ஏ என்று ஓர் எழுத்து வரிசை வேறு. சேர்த்துப் படித்தால் சிந்தியா. நாலு ரவுண்டு போன விருந்தாளி யார் வீட்டில் உட்கார்ந்திருக்கிறோம் என்பதை மறந்துவிடக் கூடாதல்லவா!

மனிதருக்கு ரயில் பைத்தியம். அரண்மனைத் தோட்டத்தில் குட்டி ரயில் விட்டுப் பார்த்து, ஆசை அடங்காமல், குவாலியரிலிருந்து ஷியோபூர் வரை இரண்டடி அகலப் பாதையில் நிஜ ரயிலே விட்டவர். பிரிட்டிஷ் ராஜாவிடம் அவருக்கு இருந்த பாசம் இன்னும் பெரிய கதை. மகனுக்கு ஜார்ஜ், மகளுக்கு மேரி என்றே பெயர் வைத்தார். மன்னரும் மகாராணியும் லண்டனில் ஒரு செட், குவாலியரில் ஒரு செட்.

சாப்பாட்டு மேஜை ரயிலைப் பற்றி லாரி காலின்ஸும் டொமினிக் லாப்பியரும் 1975-ல் வந்த 'ஃப்ரீடம் அட் மிட்நைட்' புத்தகத்தில் எழுதியிருக்கிறார்கள். கன்ட்ரோல் போர்டு மகாராஜாவின் கையில்தான் இருக்குமாம். பிடித்த விருந்தாளிக்கு ரயில் நிற்கும். பிடிக்காதவர் தட்டை நீட்டிக்கொண்டு காத்திருப்பார், இனிப்பு ஏற்றிய ரயில் அவரைத் தாண்டி எக்ஸ்பிரஸாகப் பறந்துவிடும். நம் கல்யாணப் பந்தியில் பாயச வாளிக்காரர் செய்கிற அதே அரசியல், கொஞ்சம் வெள்ளி பூசியது!

இதற்கு ஒரு கிளைமாக்ஸும் உண்டு. வைஸ்ராய்க்கு விருந்து. ஷார்ட் சர்க்யூட். ரயிலுக்குப் பேய் பிடித்துவிட்டது. கறிக்குழம்பும் பட்டாணி மசியலும் துரைமார், துரைசானிகள் மேல் தெறிக்க, மேஜையை வளைய வளைய வந்ததாம். அந்தப் புத்தகத்துக்காரர்கள் கொஞ்சம் மசாலா தூக்கலாகவே போடுவார்கள், எவ்வளவு நம்புவது என்பது உங்கள் பாடு. ஆனால் வெள்ளைக்காரச் சட்டையில் முதலில் கறை வைத்தது ஒரு பொம்மை ரயில் என்றால், சுதந்திரப் போராட்டத் தியாகி பென்ஷன் அதற்கும் சேர வேண்டியதுதான்.

மகாராஜாவை மட்டும் தனியாகப் பிடித்து வைத்துக் கேலி செய்வது நியாயமில்லை. மனிதன் கையில் ஒரு புது டெக்னாலஜி சிக்கினால் போதும், சீக்கிரமே அது கிளாஸில் எதையாவது ஊற்ற ஆரம்பித்துவிடும். கிறிஸ்து பிறப்பதற்கு இரண்டு நூற்றாண்டுக்கு மேல் முன்பே, பைசாண்டியத்து ஃபிலோன் என்ற கிரேக்க இன்ஜினீயர் ஒரு பொம்மைப் பணிப்பெண்ணை வடிவமைத்தார். அவள் இடது உள்ளங்கையில் கோப்பையை வைத்தால் பாரம் தாங்கிக் கை இறங்கும், உள்ளே குழாய் திறக்கும், ஒயின் விழும். பிறகு அளவாகத் தண்ணீரும் விழும். தண்ணீர் வேண்டாம் என்றால் கோப்பையை நடுவிலேயே எடுத்துவிடலாம். மிக்ஸிங் ரேஷியோவுக்கே ஆப்ஷன் வைத்த மனிதரைச் சாதாரணமாக எடைபோடாதீர்கள்!

இன்றைய துருக்கியின் தியார்பக்கிரில், அர்துகித் அரசர்களிடம் வேலை பார்த்த அல்-ஜஸாரி 1206-ல் முடித்த இயந்திரப் புத்தகம் உலகப் புகழ் பெற்றது. தண்ணீர் இறைக்கும் இயந்திரம், யானைக் கடிகாரம் என்று எல்லாம் இருக்கும். கூடவே, அரசரின் குடி விருந்துக்காக ஏரியில் மிதக்கும் படகு, அதில் வாசிக்கும் நான்கு பொம்மை இசைக்காரர்கள். இன்னொரு பக்கம், தானாகத் திறக்கும் கதவு வழியே கோப்பையோடு வரும் பொம்மைப் பெண். தொட்டியிலிருந்து சொட்டுச் சொட்டாக நிறைந்து, அவள் வெளியே வர சுமார் ஏழு நிமிடம் ஆகுமாம். அரசர் எத்தனை முறை கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். அதட்டினாலும் பயப்படாத ஒரே வேலைக்காரி.

ஆனால் என் ஓட்டு மங்கோலியர்களின் தலைநகர் காரகோரத்துக்குத்தான். செங்கிஸ்கானின் பேரன் மோங்கே கானுக்கு அங்கே அரண்மனை. உலகத்தில் பாதி கைக்குள். வாசலில் பார்த்தால் பால் தோல்பையும் சாராயத் தோல்பையும் சுமந்துகொண்டு ஆட்கள் போக வர இருக்கிறார்கள். சீச்சீ, அரண்மனைக்கு இது அழகா? ஹங்கேரியில் பிடிபட்டு வந்திருந்த குய்யோம் பூஷே என்ற பாரிஸ் பொற்கொல்லரைக் கூப்பிட்டு 3,000 மார்க் வெள்ளி கொடுத்தார். பூஷே ஒரு மரம் செய்தார். முழு வெள்ளி மரம். இலை வெள்ளி, காய் வெள்ளி. அடியில் நான்கு வெள்ளிச் சிங்கங்கள், வாய் வழியே குதிரைப் பால். மேலிருந்து தொங்கும் முலாம் பூசிய பாம்புகளின் வாயிலிருந்து திராட்சை ஒயின், தேன் மது, அரிசி மது, குதிரைப் பாலிலேயே வடிகட்டிய உயர்ரகம். உச்சியில் எக்காளத்தோடு ஒரு தேவதை. சரக்குத் தீர்ந்தால் தேவதை ஊதும், அடுத்த லோடு வரும்.

எல்லாம் சரி, தேவதை ஊதவில்லை. அடியில் துருத்தி வைத்துப் பார்த்தார், காற்று பத்தவில்லை. 1254-ல் அங்கே போய்ப் பார்த்த வில்லியம் ரூப்ரக் என்ற பாதிரியார் விஷயத்தைப் போட்டு உடைத்துவிட்டார். மரத்தடியில் குழி தோண்டி ஓர் ஆளை இறக்கிவிட்டிருந்தார்கள். தலைமைப் பரிசாரகர் குரல் கொடுத்ததும் குழிக்குள் இருப்பவர் குழாயில் மூச்சுப் பிடித்து ஊத வேண்டும். சத்தம் கேட்டதும் வெளியே வேலைக்காரர்கள் குடம் குடமாகக் குழாயில் கொட்டுவார்கள். உள்ளே உட்கார்ந்திருக்கும் கானுக்கு அது ஆட்டோமேட்டிக்! (இதே பாதிரியார் கானை முதன்முதலாகப் பார்க்கப் போனபோது, மொழிபெயர்ப்பாளர் பானம் ஊற்றுகிறவர்கள் பக்கம் நின்றே மட்டையாகிவிட்டார். அன்றைய ராஜதந்திரப் பேச்சுவார்த்தை எப்படி நடந்திருக்கும் என்பதைக் கற்பனைக்கு விட்டுவிடுகிறேன்.)

நம் பக்கத்துக்கு வருவோம். இங்கே கதை தலைகீழ். 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி சேலத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். 1948-க்குள் மாகாணமே காய்ந்துவிட்டது. 1971-ல் கருணாநிதி கதவைத் திறந்தார், 1974-ல் அவரே சாத்தினார், 1981-ல் எம்.ஜி.ஆர். மறுபடி திறந்தார். காய்ந்த காலத்தில் பார் இருந்த ஒரே இடம் சினிமா வில்லனின் வீடு. சுவிட்சைத் தட்டினால் புத்தக அலமாரி சுழலும், பின்னால் பாட்டில் வரிசை மின்னும். நல்லவன் வீட்டில் மண்பானை, கெட்டவன் வீட்டில் விஞ்ஞானம். 1963-ல் எம்.ஜி.ஆர். நடித்த 'கலை அரசி'யில் வேற்றுக்கிரகவாசிகளே தமிழ்நாட்டுக்கு வந்தார்கள். பறக்கும் தட்டில் அத்தனை தூரம் வந்தவர்கள் பாட்டுக் கற்றுத்தர பானுமதியைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போனார்கள். பாவம், அந்த வருஷம் இங்கே வேறு எதுவும் கிடைத்திருக்காது.

1983-ல் ஒரு தற்செயல். 'ஸ்டார் வார்ஸ்' மூன்றாவது படத்தில் ஆர்-டூ டி-டூ என்கிற உருளை ரோபோ தலையில் தட்டைச் சுமந்துகொண்டு வில்லன் கப்பலில் மது பரிமாறியது. அதே ஆண்டு இங்கே டாஸ்மாக் நிறுவனம் பிறந்தது. முதலில் மொத்த வியாபாரம், 2003-லிருந்து சில்லறையும். ரோபோ தட்டில் நீட்டியது, நம்முடையது கம்பி வைத்த ஜன்னல் வழியாக நீட்டுகிறது. மற்றபடி இரண்டுமே சிரிப்பதில்லை.

சூலூர்ப் பக்கம் கலங்கலில் 1893-ல் பிறந்த ஜி.டி. நாயுடு இந்த வரிசையில் வந்திருக்க வேண்டியவர். மின்சார ரேஸர், மலிவு விலை ரேடியோ என்று கை வைத்த இடமெல்லாம் மெஷின். நல்லவேளை, பழச்சாறு பிழியும் மெஷினோடு நிறுத்திக்கொண்டார்.

அவர் விட்டதை இப்போது எங்கள் பல்லடம் பிடித்துக்கொண்டிருக்கிறது. கறிக்கோழிக்கு விலை சொல்கிற ஊர், சைட் டிஷ்ஷுக்கு எங்களை மிஞ்ச ஆளில்லை. மிச்சமிருப்பது மெயின் டிஷ் வைக்க ஓர் இடம்தானே? தறி போட்டவரோ பனியன் எக்ஸ்போர்ட் பார்த்தவரோ புது வீடு கட்டினால், ஹால் மூலையில் ராக்கெட் அலமாரி கேட்கிறார். ஏழடி உயரம். ப்ளைவுட் உடம்பு, பி.வி.சி. பைப்பில் இன்ஜின், சில்வர் பெயின்ட், உள்ளே நீல எல்.இ.டி. தட்டு சுழல வேண்டும் என்பதால், எடைக்குப் போட்ட தறியிலிருந்து கழற்றிய ஒரு ஹெச்.பி. மோட்டார். அந்த மோட்டார் ஒரு தறியையே இழுக்கும். பத்து பாட்டிலைக் கொடுத்தால் என்ன செய்யும்? ட்ரையல் பார்த்த அன்று ராக்கெட் கிளம்பவில்லை, பாட்டில்கள் கிளம்பின.

"ஏனுங்க, பேசாம கதவு வெச்சுக் கைப்பிடி போட்டுறலாமுங்களா?" என்று ஆசாரி மெதுவாகக் கேட்பார். அவர் பிழைப்பில் பூஜை அலமாரியும் இதுவும் ஒரே அளவு, ஒரே மைக்கா, ஒரே லைட். வித்தியாசம் மணி மட்டும். முதலாளி சம்மதிக்க மாட்டார். கடைசியில் கியர்பாக்ஸ் மாட்டி, வேகம் குறைத்து, ஒரு வழியாக பாட்டில்கள் ஆடி அசைந்து சுற்ற ஆரம்பிக்கும்.

பால் காய்ச்சுகிற அன்று சொந்தபந்தம் அத்தனை பேரும் ராக்கெட்டை வீடியோ எடுப்பார்கள். பாட்டில்கள் மச்சினன் துபாயிலிருந்து கொண்டுவந்தவை, சரக்கு எப்போதோ காலி. நிறத்துக்காக உள்ளே கடுங்காப்பி. பெரியவர்கள் நடமாடுகிற ஹாலில் நிஜமாகத் திறந்து குடிக்க யாருக்குத் துணிச்சல் வரும்? நிஜ பாட்டில் மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால். பிளாஸ்டிக் டம்ளர், செய்தித்தாளில் கொட்டிய மிக்சர், செல்போன் டார்ச். ராக்கெட்டின் பெருமையைப் பற்றிய பேச்சு முழுக்க அங்கேதான் நடக்கும். நடுவில் ஒருவர் படிக்கட்டுப் பக்கம் குனிந்து, குரலைத் தணித்து, சித்தப்பா பையனைக் கூப்பிடுவார்.

"டேய் தம்பி, பெரியம்மா பார்க்காம ஃப்ரிட்ஜுல இருந்து ஐஸ் எடுத்துட்டு வா. கேட்டா ரஸ்னாவுக்குன்னு சொல்லு."