ரௌட்டர் சார்

கொஞ்சம் பெரிய அடுக்ககம் என்றால் அதில் ஒரு செயலாளர் இருப்பார், ஒரு பொருளாளர் இருப்பார், மோட்டாரைப் போட்டுவிட்டு அணைக்க மறக்கும் வாட்ச்மேன் ஒருவரும் இருப்பார். இவர்களெல்லாம் கை தூக்கித் தேர்ந்தெடுத்தோ சம்பளம் பேசியோ வந்தவர்கள். ரௌட்டர் சார் அப்படியல்ல. அவரை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. அதனாலேயே யாராலும் நீக்கவும் முடியாது.

ஓய்வு பெற்றவர். எங்கே வேலை பார்த்தார் என்பதில் ஆளுக்கொரு தகவல். மின்வாரியம் என்பார் செயலாளர். ரயில்வேயில் சிக்னல் பிரிவு என்பார் பொருளாளர். அக்கவுன்ட்ஸ் செக்‌ஷன் என்பார் அவர் மனைவி. எப்படியானாலும் அரைக்கைச் சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் ஒரு டெஸ்டர் இருக்கும். கையில் ஒரு ஜவுளிக்கடைக் கட்டைப்பை. அதற்குள் கிரிம்பிங் டூல், இன்சுலேஷன் டேப், பிளேடு, பழைய ஸ்பிளிட்டர்கள், எந்தக் காலத்திலோ செத்துப்போன சாமான்களின் அடாப்டர்கள்.

எந்த வீட்டில் நெட் போனாலும், கேபிள் ஆபீஸில் போனை எடுப்பதற்குள் அவர் வாசலில் நிற்பார். இதில் மாயமந்திரம் ஒன்றுமில்லை. நெட் போனால் பிள்ளைகள் அறையைவிட்டு வெளியே வந்து கத்துவார்கள். மூன்றாவது மாடியில் அவர் வீடுவரைக்கும் அந்தச் சத்தம் கேட்கும்.

வந்ததும் என்ன கோளாறு என்று கேட்கமாட்டார்.

"ரௌட்டர் என்ன விலை?"

"ஆயிரத்து எண்ணூறு சார்."

"ஆன்லைன்லயா?"

"ஆமா சார்."

ஒரு பெருமூச்சு. "ரிச்சி தெருவுல இதே சாமான் ஆயிரத்து இருநூறு. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

நீங்கள் என்ன விலை சொன்னாலும் ரிச்சி தெருவில் அறுநூறு குறைவு. ஆயிரத்து இருநூறுக்கு வாங்கினேன் என்று பொய் சொல்லிப் பார்த்தவர்களும் உண்டு. அறுநூறுக்கு இறங்கியது.

அடுத்தது கணக்குப் பாடம். "என்ன ஸ்பீடு? நூறா? எட்டால வகுங்க. என்ன வருது? பன்னிரண்டரை. அவ்வளவுதான் உங்களுக்குக் கிடைக்கும்." கணக்கு சரிதான். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். கம்பெனிக்காரர்கள் பிட்டில் விற்கிறார்கள், நம் கம்ப்யூட்டர் பைட்டில் இறக்குகிறது. ஆனால் அவர் வாயால் கேட்கும்போது, மீதி எண்பத்தேழரையை யாரோ நடுவழியில் உருவிக்கொண்டு போவதாகவே வீட்டுக்காரருக்கு வயிறு எரியும்.

அவர் கைவரிசையைப் பார்க்க வேண்டுமென்றால் இரண்டாவது மாடி வீட்டுக்குப் புது வைஃபை ரௌட்டர் வந்த ஞாயிற்றுக்கிழமையைப் பார்த்திருக்க வேண்டும். அந்த வீட்டில் டி.வி. வரும் அதே கறுப்பு கேபிளில்தான் இன்டர்நெட்டும் வந்தது. சுவரோரம் ஒரு ஸ்பிளிட்டர். அதிலிருந்து ஒரு வயர் செட்டாப் பாக்ஸுக்கு, இன்னொன்று மோடத்துக்கு, மோடத்திலிருந்து கம்ப்யூட்டருக்கு. பல மாதமாக ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த ஏற்பாடு. கம்ப்யூட்டரில் செருகியிருக்கும் வயரை எடுத்து ரௌட்டரின் நீல ஓட்டையில் செருகினால் வேலை முடிந்தது என்று அட்டைப்பெட்டியில் படம் போட்டிருந்தது. படத்தில் அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் எல்லோரும் பல் தெரியச் சிரித்தார்கள். இவர்களும் செருகினார்கள். விளக்கெல்லாம் பச்சையாக எரிந்தது. உலக உருண்டை போட்ட விளக்கு மட்டும் ஆரஞ்சு நிறத்திலேயே நின்றது.

"தள்ளுங்க" என்று உட்கார்ந்தார் சார்.

முதல் வேலையாக நீல ஓட்டையில் இருந்த வயரை எடுத்து மஞ்சள் ஓட்டையில் போட்டார். ஆரஞ்சும் அணைந்தது. "பாத்தீங்களா, ரியாக்‌ஷன் இருக்கு" என்று திரும்ப நீலத்துக்கே மாற்றினார். பிறகு கம்ப்யூட்டரில் 192.168.1.1 என்று தட்டினார். வரவில்லை. 192.168.0.1 தட்டினார். வந்தது. பெயர் அட்மின், பாஸ்வேர்டும் அட்மின். பூட்டும் சாவியும் ஒரே பெயரில் இருக்கும் இந்தப் பக்கத்துக்குள் நுழையும்போது அவர் முகத்தில் வரும் களையை, பேரன் பிறந்த செய்தி கேட்டபோதுகூட யாரும் பார்த்ததில்லை.

அவர் நெட் பழகியது டெலிபோன் லைன் பிராட்பேண்டில். அங்கே பிபிபிஓஇ என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஆபீஸ் கொடுத்த பெயரையும் பாஸ்வேர்டையும் போட வேண்டும். இந்தக் கேபிள் மோடத்துக்கு அதெல்லாம் கிடையாது. டைனமிக் ஐபி என்று விட்டுவிட்டால் முகவரி தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். சாருக்குத் தானாக வருவது எதன் மேலும் நம்பிக்கை இல்லை. பிபிபிஓஇயைப் போட்டார்.

"உங்க யூசர்நேம் என்ன?"

"அதெல்லாம் ஒண்ணும் குடுக்கலியே சார்."

"குடுக்கலியா? அப்ப நல்லா ஏமாத்தியிருக்கான்."

அதன்பின் ஊக்கு வெளியே வந்தது. ரௌட்டரின் முதுகில் ஊக்கு முனை மட்டும் நுழைகிற ஒரு துளை இருக்கிறதே, பத்து விநாடி அமுக்கினால் அதுவரை போட்ட அமைப்பெல்லாம் அழிந்து புதுசாக எழுந்திருக்கும். சார் பத்து எண்ணி அமுக்கினார். எல்லாவற்றையும் மறுபடி தட்டினார். மறுபடி அமுக்கினார். ரௌட்டரை ஃபிரிட்ஜ் பக்கத்திலிருந்து எடுத்து இரும்பு பீரோ மேல் வைத்தார். பீரோ சிக்னலைத் தடுக்கும் என்று அவரே சொல்லி லாஃப்டில் ஏற்றினார். வீட்டுக்கார அம்மா இரண்டாவது காபி கொண்டுவந்தார்.

காபி குடித்த தெம்பில் ஸ்பிளிட்டரைப் பார்த்தார். "இங்கதான் திருட்டு நடக்குது." இதிலும் அவர் சொன்னதில் விஷயம் உண்டு. கேபிளை இரண்டாகப் பிரித்தால் ஒவ்வொரு பக்கமும் சிக்னல் பாதிக்கும் கொஞ்சம் கீழே போகும். சிலர் ஸ்பிளிட்டரிலிருந்து இன்னொரு ஸ்பிளிட்டர் போட்டு ஹாலுக்கொரு டி.வி., படுக்கையறைக்கொரு டி.வி. என்று இழுத்து, கடைசியில் மோடத்தைப் பட்டினி போடுவார்கள். இந்த வீட்டில் அப்படி ஒன்றும் இல்லை. இருந்தாலும் சார் கழற்றினார். அந்த நிமிஷம் ஹாலில் டி.வி. போயிற்று. பாட்டி பார்த்துக்கொண்டிருந்தது வாரம் முழுக்க விட்டுப்போன எபிசோடுகளின் மறுஒளிபரப்பு.

"யாருப்பா அது கை வெச்சது?"

சார் பதில் சொல்லவில்லை. அன்று காலையிலிருந்து அவர் வாயடைத்து நின்றது அந்த ஒரு சமயம்தான்.

கடைசியில் கேபிள் ஆபீஸுக்குப் போன் போனது. தோளில் கேபிள் சுருளோடு வண்டியில் சுற்றுகிற அந்தத் தம்பி, முகவரியைக் கேட்டதும் ஒரே ஒரு கேள்வி கேட்டான்: "மூணாவது மாடி சார் கை வெச்சுட்டாரா?" ஆமாம் என்றால் கையோடு ரெண்டு கனெக்டரும் ஒரு ஸ்பிளிட்டரும் எடுத்துக்கொண்டு வருவானாம்.

வந்தான். ஸ்பிளிட்டரை மாட்டிப் பாட்டிக்கு டி.வி.யை வரவழைத்தான். அதற்குத்தான் முதலிடம், தொழில் தெரிந்த பையன். ரௌட்டரை லாஃப்டிலிருந்து இறக்கி, டைனமிக் ஐபிக்கு மாற்றி வைத்தான். பிறகு மோடத்தின் சுவிட்சை அணைத்துவிட்டு, போனில் யாருக்கோ பதில் அனுப்பிக்கொண்டு இரண்டு நிமிஷம் சும்மா நின்றான். மோடத்தைப் போட்டான். அதன் விளக்குகள் நிலைத்ததும் ரௌட்டரைப் போட்டான். ஆரஞ்சு பச்சையாயிற்று.

விஷயம் இவ்வளவுதான். நெட்வொர்க்கில் சேர்கிற ஒவ்வொரு கருவிக்கும் தயாரிக்கும்போதே பன்னிரண்டு இலக்கத்தில் ஓர் அடையாளம் கொடுத்து அனுப்புகிறார்கள். எண்ணும், ஏ முதல் எஃப் வரை எழுத்தும் கலந்தது. மேக் முகவரி என்று பெயர். பல கேபிள் மோடங்கள் கரண்ட் வந்ததும் தம்மோடு முதலில் பேசிய கருவியின் மேக் முகவரியைப் பிடித்துவைத்துக்கொள்ளும். இத்தனை நாள் கம்ப்யூட்டரோடு பேசிய மோடம், திடீரென்று வந்து நின்ற ரௌட்டரை ஏறெடுத்துப் பார்க்காது. அணைத்துப் போட்டால் பழசை மறந்து எதிரே நிற்பதை ஏற்றுக்கொள்ளும். சில இடங்களில் அந்த எண்ணை ஆபீஸிலேயே பதிந்து வைத்திருப்பார்கள். அங்கே போன் போட்டு மாற்றச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் ரௌட்டரில் 'மேக் குளோன்' என்ற பக்கத்துக்குப் போய், கம்ப்யூட்டரின் எண்ணையே ரௌட்டருக்கும் சூட்டிவிட வேண்டும்.

சார் ரௌட்டரை எத்தனையோ தடவை அணைத்துப் போட்டார். மோடத்தைத் தொடவே இல்லை. ஓடுகிற சாமானை நிறுத்தக் கூடாது என்பது அவர் கொள்கை. கெட்டுப்போனதில்தான் கை வைப்பார், கெடாததைக் கெட்ட பிறகுதான் விடுவார்.

"எல்லாம் நான் செட் பண்ணி வெச்சிருந்தேன். இவன் வந்து சுவிட்சைத் தட்டிட்டுப் போறான்" என்றார். தம்பி மறுக்கவில்லை. "ஆமா சார், நீங்க இல்லேன்னா கஷ்டம்தான்" என்று சொல்லிவிட்டு ஸ்பிளிட்டருக்கு நூற்றைம்பது ரூபாய் வாங்கிக்கொண்டான்.

நெட் வந்த பிறகு சாரைக் கவனித்திருக்கிறீர்களா? உற்சாகம் வடிந்துபோகும். மகள் படம் பார்க்கிறாள், மகன் விளையாடுகிறான், வீட்டுக்காரர் ஆபீஸ் மீட்டிங்கில் தலையாட்டுகிறார். சார் ஓரமாகப் பையைச் சுருட்டிக்கொண்டு கிளம்புவார். இன்டர்நெட்டில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை. அது வராமல் இருக்கும் நேரம் ஒன்றுதான் அவருக்குச் சொந்தம்.

இந்த வம்சம் நேற்று முளைத்ததல்ல. சாருக்குத் தூத்துக்குடிப் பக்கம். 1982இல் இலங்கையில் ரூபவாஹினி வந்தபோது அந்தக் கரையோரத்தில் மொட்டைமாடிக்கு மொட்டைமாடி ஆன்டெனா முளைத்தது. கொடைக்கானல் டவர் வருகிறவரைக்கும் அங்கே டி.வி. என்றால் ரூபவாஹினிதான். காற்று அடித்தால் படம் போய்விடும். சார் கம்பியைப் பிடித்து ஒவ்வொரு விரற்கடையாகத் திருப்பிக்கொண்டு "வருதா?" என்று கத்துவார். கீழே இருந்து "வருது, வருது, போச்சு" என்று பதில் வரும். படத்தை மற்றவர்கள் பார்த்தார்கள், இவர் கம்பியைப் பார்த்தார். 1990களில் கேபிள் டி.வி. வந்து ஆன்டெனாவைப் பழைய இரும்புக்காரனுக்குப் போட்டபோது அவர் பட்ட துக்கத்தை வைஃபைதான் ஆற்றியது.

சேவையில் சில சில்லறைச் சேதங்கள் உண்டு. அடாப்டர் விஷயத்தில் "பின் பொருந்தினா கரண்ட்டும் பொருந்தும்" என்பது அவர் சித்தாந்தம். ஒன்பது வோல்ட் ரௌட்டருக்குப் பன்னிரண்டு வோல்ட் அடாப்டரின் பின்னும் அழகாகப் பொருந்தும். முதல் மாடியில் ஒரு ரௌட்டர் அந்தப் பொருத்தத்தில் போய்ச் சேர்ந்தது. பாஸ்வேர்டு விஷயத்திலும் அவருக்கு மறதி பயம். அதனால் எல்லா வீட்டுக்கும் ஒரே பாஸ்வேர்டு வைத்துவிட்டார்: அடுக்ககத்தின் பெயர், பின்னால் 123. யார் வீட்டு நெட்டில் யார் படம் பார்க்கிறார்கள் என்பது யாருக்கும் தெரியாது. தெரிந்த ஒரே ஆள் அவர் மனைவி. தன் வீட்டு ரௌட்டர் எப்போதும் மேஜைமேல் திறந்து கிடப்பதால் அந்த அம்மாள் எதிர்வீட்டு இணைப்பில் சௌகரியமாக இருக்கிறார்.

பெரிய சேதம் பதினொண்ணாம் சேனல். 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் சேனல்களுக்கு எண் நிறைய உண்டு. ஆனால் ஒன்றோடொன்று உரசாதவை 1, 6, 11 மூன்றுதான். முதல் வீட்டில் ரௌட்டர் வைத்தபோது போனில் ஒரு செயலியைப் போட்டுப் பார்த்த சார், பதினொன்றில் ஆளே இல்லை என்று கண்டுபிடித்தார். உண்மை. அங்கே வைத்தார், பறந்தது. அடுத்த வீட்டையும் அங்கேயே வைத்தார். அதற்கடுத்ததையும். நெரிசலில்லாத குறுக்குச் சந்தைக் கண்டுபிடித்தவன் தெருமுழுக்கச் சொன்ன கதையாக, இன்று மொத்தக் கட்டடமும் பதினொன்றில் முட்டிக்கொண்டு நிற்கிறது. ஒன்றிலும் ஆறிலும் ஈ எறும்பு இல்லை. மாலை ஏழு மணிக்கு நெட் நத்தையாகிறது; ஏழேகாலுக்குச் சார் வருகிறார், பையோடு.

இந்த நிலையில்தான் கேபிள் ஆபீஸ் ஃபைபருக்கு மாறப்போவதாகத் தம்பி அறிவித்தான். தலைமுடி கனத்தில் கண்ணாடி இழை. ஒட்ட வேண்டுமென்றால் மெஷின் வேண்டும், பிளேடும் டேப்பும் செல்லாது. வீட்டில் வைக்கும் வெள்ளைப் பெட்டியின் பாஸ்வேர்டு ஆபீஸில். அட்மின், அட்மின் என்றால் திறக்காது. சங்கத்தின் கூட்டத்தில் சார் எழுந்தார்.

"உள்ள போறது கரண்ட்டா, வெளிச்சமா?"

"வெளிச்சம் சார்."

"வெளிச்சம் நேர்க்கோட்டுலதானே போகும்? மூணு மாடி எப்படித் தம்பி வளைஞ்சு வளைஞ்சு ஏறும்?"

"உள்ளுக்குள்ளயே பட்டுப் பட்டுத் தெறிச்சு வந்துரும் சார். ரொம்ப ஒடிச்சு மடக்காம இருந்தாப் போதும்."

சார் தலையாட்டினார். சம்மதம் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

முதல் இணைப்பு பொருளாளர் வீட்டுக்கு. தம்பி ஜன்னல் ஓரமாக இழையை லேசாக வளைத்து, மிச்சத்தை வட்டமாகச் சுற்றி விட்டுவிட்டுப் போனான். நெட் பிரமாதமாக வந்தது. மறுநாள் அந்தப் பக்கம் போன சாருக்கு அந்த வட்டம் கண்ணை உறுத்தியது. வீட்டில் யாரும் கூப்பிடவில்லை. "இப்படித் தொங்க விட்டா பல்லி ஏறும்" என்று சொல்லி, சுத்தியலும் கிளிப்பும் எடுத்து, சட்டத்தின் மூலையில் இழையை எல் வடிவத்தில் இழுத்து அடித்தார். பார்க்க அவ்வளவு நேர்த்தி. வெள்ளைப் பெட்டியில் சிவப்பு விளக்கு மினுக்க ஆரம்பித்தது. உள்ளறையிலிருந்து பிள்ளைகள் கத்திக்கொண்டே வந்தார்கள்.

சார் பின்னால் நகர்ந்து, கையைக் கட்டிக்கொண்டு, முகம் மலரச் சொன்னார்: "கூட்டத்துலயே சொன்னேனா இல்லியா? வெளிச்சம் வளையாதுன்னு!"