கடற்கரை இலாகா

எங்கள் குடும்பத்தில் கடற்கரை இலாகா என்னுடையது. லண்டனில் இருந்தோ ரொறன்ரோவில் இருந்தோ யார் வந்து இறங்கினாலும் "எந்தக் கடலுக்குப் போவம்?" என்ற கேள்வி என்னிடம்தான் வரும். மட்டக்களப்பில் பிறந்தவன், ஆகவே கடல் தெரிந்தவன் என்று ஒரு கணக்கு. அந்தக் கணக்கைத் திருத்த நானும் முயன்றதில்லை. உண்மையில் நான் வளர்ந்தது களப்புக்கரையில். கடலோடு எனக்கிருந்த உறவு, ஞாயிறு பின்னேரங்களில் கையில் கச்சான் சரையோடு கல்லடி மணலில் குந்தியிருந்ததுதான். எனக்கு நீந்தவும் தெரியாது.

வருகிறவர்களைப் பாசிக்குடாவுக்கு அனுப்பியிருந்தால் ஒரு கரைச்சலும் வந்திராது. வெகுதூரம் நடந்தாலும் இடுப்புக்கு மேல் ஏறாத தண்ணீர், போருக்குப் பிறகு வரிசையாக எழும்பிய ஹோட்டல்கள், குளித்துவிட்டு உப்புக் கழுவ நல்ல தண்ணீர். ஆனால் அதைச் சொல்ல ஒரு நிபுணர் எதற்கு? நான் வாகரையைச் சொல்வேன். வாழைச்சேனை கழிந்து திருகோணமலை வீதியில் மாங்கேணி, காயாங்கேணி, பனிச்சங்கேணி என்று ஊர்ப்பெயர்களை அடுக்கி, "ஒருத்தருக்கும் தெரியாத கரை" என்று குரலைத் தாழ்த்துவேன். வாகரையில் இருக்கிற சனத்துக்குத் தெரியாதா என்று யாரும் திருப்பிக் கேட்டதில்லை, நல்லகாலம்.

அண்ணன் குடும்பம் லண்டனில் இருந்து வந்தது ஒரு மார்கழியில். அங்கே அப்போது பள்ளிக்கூட லீவு. வடகீழ்ப் பருவக்காற்று நவம்பர் தொடங்கி ஜனவரி வரைக்கும் கிழக்கில் மழையைக் கொட்டும், கடலும் கொந்தளிக்கும். அந்த நாட்களில் தென்மேற்கே பெந்தோட்டையும் ஹிக்கடுவையும் அடங்கிக் கிடக்கும். மே தொடங்கி செப்ரெம்பர் மட்டும் நிலைமை தலைகீழ். இது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரிந்த விசயம். புவியியலில் எனக்குத் திறமைச் சித்தி வேறு. வான் சாரதி ஓட்டமாவடியிலேயே சொன்னார்: "சேர், இந்த மாசத்துக்கு இந்தக் கடல் சரிவராது." "அங்கால வெளிச்சிரும்" என்றேன். வெளிக்கவில்லை. பனிச்சங்கேணியில் களப்பு வெள்ளம் கடலோடு கலக்கிற இடத்தில் தேத்தண்ணி நிறத்தில் தண்ணீர் புரண்டுகொண்டிருந்தது. வானுக்குள் இருந்தபடியே பிட்டும் மீன்கறியும் சாப்பிட்டோம். பெறாமகன் தண்ணீருக்கு அடியில் பார்க்கிற கண்ணாடியைப் போட்டபடி யன்னலால் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுத்தது மருமகளும் புது மாப்பிள்ளையும். அவர்கள் வந்தது சரியான காலம், ஆனி மாதம், வெயில், வீதியோரத்தில் பாலைப்பழம் விற்றார்கள். மாப்பிள்ளையிடம் பெரிய கமரா இருந்தது. கடலுக்குள் சூரியன் இறங்குகிற காட்சியை வாகரையில் பார்க்காவிட்டால் பிறந்து பயனில்லை என்று நான் முதல்நாளே சொல்லி வைத்திருந்தேன். கமராவைக் காலில் நிறுத்தி, கடலைப் பார்த்து உட்கார்ந்தோம். எங்கள் பிடரி எரிந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளை மரியாதையான பிள்ளை. நெடுநேரம் பொறுத்துவிட்டுத்தான், "மாமா, சூரியன் பின்னுக்கெல்லோ போகுது?" என்றார்.

"கொஞ்சம் பொறுங்க" என்றேன்.

இந்தப் பதிலை என் மருமகள் இன்றைக்கும் கல்யாண வீடுகளில் சொல்லிக் காட்டுகிறாள். கிழக்குக் கரையில் சூரியன் கடலில் இருந்து எழும்பும், கடலில் விழாது. பிறகு எல்லாரையும் வானில் ஏற்றிக்கொண்டு பனிச்சங்கேணிப் பாலத்துக்கு ஓடினோம். அங்கே மேற்கே களப்பு. வீச்சுவலைக்காரர் ஒருவர் இடுப்பளவு தண்ணீரில் நின்று வலையை எறிய, அது விரிந்து விழுந்த இடத்துக்கு நேரே சூரியன் இறங்கியது. "நான் சொன்ன இடம் இதுதான்" என்று அப்போதும் சொன்னேன்.

காயாங்கேணியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அங்கே முருகைக்கல் பார் இருக்கிறது. 2019 இல் அதைப் பாதுகாக்கப்பட்ட கடற்பகுதியாக அரசு அறிவித்தது. முருகைக்கல்லை மிதந்துகொண்டு பார்க்க வேண்டும், மிதிக்கக் கூடாது. எனக்கு மிதக்கத் தெரியாது. ஆகவே கரையில் நின்று மற்றவர்களுக்கு விளக்கம் கொடுத்தேன்.

ஒருமுறை காலம், கரை, திசை எல்லாம் சரியாக அமைந்தன. ஆடி மாதம், கச்சான் காற்று. தரையில் இருந்து கடலைப் பார்த்து வீசுவதால் அலை படுத்துவிடும். கடல் குளம்போலக் கிடந்தது. வென்றுவிட்டேன் என்று சாறனை மடித்துக் கட்டினேன். வாடியில் வலை பொத்திக்கொண்டிருந்த ஒரு பெரியவர், பிள்ளைகளின் காற்றடிச்ச பிளாஸ்ரிக் தாராவைப் பார்த்துவிட்டு, "தம்பி, அதத் தண்ணியில விடாதீங்க. இந்தக் காத்து வெளிய கொண்டு பொயிரும்" என்றார். இவ்வளவு அமைதியான கடலிலா என்று நினைத்தேன். அமைதிக்குக் காரணமான அதே காற்றுத்தான் மிதக்கிறதையெல்லாம் வெளியே தள்ளும் என்பது எனக்கு விளங்கியபோது, மஞ்சள் தாரா அந்தமான் பக்கம் முகத்தைத் திருப்பியிருந்தது. பிள்ளை அந்த நேரம் கரையில் நின்று மாம்பழம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

அம்மாவின் கதை வேறு. 2004 மார்கழி 26 சுனாமிக்குப் பிறகு அவர் கடலில் கால் நனைத்ததில்லை. கரைக்கு வருவார், ஆனால் கடலுக்கு முதுகு காட்டி இருக்கமாட்டார். வான் வீதியைப் பார்த்தபடி நிற்க வேண்டும். சாரதி நித்திரை கொள்ளக் கூடாது. எந்தக் கரையைச் சொன்னாலும் அவர் கேட்பது ஒன்றுதான்: "ஓடுறண்டா எங்கால ஓடுற?"

தாரா போன அன்றைக்கும் கேட்டார். நான் பிள்ளைகளுக்கு முன்னால் பகிடி பண்ணினேன். வாடிக்காரர் சிரிக்கவில்லை. "அம்மா கேக்கிறது சரிதானே. முன்னால கடல், பின்னால ஆறு. பின்னால ஓடினா அங்கயும் தண்ணி" என்று சொல்லி, மேடான பக்கத்தை அம்மாவுக்குக் கைகாட்டினார். களப்பைத்தான் அவர் ஆறு என்றார். வாகரைச் சனம் போர்க்காலத்தில், 2006 கடைசியிலும் ஓடியது. அப்போது கடலுக்குப் பயந்து அல்ல, ஷெல்லுக்குப் பயந்து. வாகரை இரண்டு தண்ணீருக்கு இடையில் கிடக்கிற துண்டு நிலம் என்பதை அத்தனை தரம் போயும் நான் கவனித்ததில்லை. மணல் வெள்ளையா, நிழல் இருக்கிறதா, நல்ல நண்டுக்கறி எங்கே கிடைக்கும் என்பதைத்தான் பார்த்திருக்கிறேன். நண்டு விசயத்தில் மட்டும் நான் பிழைவிட்டதில்லை என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன்.

வருகிற ஆவணியில் ரொறன்ரோ சித்தப்பா குடும்பம் வருகிறது. இந்தமுறை கேள்வி என்னைத் தாண்டி அம்மாவிடம் போய்விட்டது. பாசிக்குடா என்று சொல்வார் என்றே நினைத்தேன். "வாகரைக்கே போவம். அந்த மனிசனிட்ட றாலும் வாங்கலாம்" என்றார். எங்கே இருப்பது, வானை எங்கே விடுவது எல்லாம் அவர் பார்த்துக்கொள்வாராம். எனக்கு ஒரேயொரு பொறுப்பு: வான் திறப்பைக் கையில் வைத்திருக்க வேண்டும். போனமுறை அதை மணலில் விழுத்திவிட்டு, நானும் சாரதியும் சிப்பி பொறுக்குகிறவர்கள் மாதிரிக் குனிந்து தேடித்திரிந்தது அம்மாவுக்கு இன்னும் தெரியாது.