பம்பரமா, நடைவண்டியா? 'ஏழு, இடமிருந்து வலம்' குறித்து ஓர் ஆராய்ச்சி

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட மூலபாடம் வருமாறு: "7, இடமிருந்து வலம்: சின்ன வயதில் சுற்றியது, இன்று பரணில் கிடக்கிறது (5)." பாடபேதம் ஏதும் இல்லை. பிரதியில் ஒரு காப்பிக் கறை உண்டு. அது பொருளைப் பாதிக்கவில்லை.

இதற்கு விடை பம்பரம் என்பார் ஒரு சாரார்; நடைவண்டி என்பார் மற்றொரு சாரார். இரண்டுக்கும் ஐந்து கட்டம். உண்டிவில் என்று மூன்றாவது கட்சியும் எழுந்தது. அதற்கும் ஐந்து கட்டம்தான். ஆனால் உண்டிவில் சுற்றாது; அதை வைத்திருக்கும் பையன்தான் ஊர் சுற்றுவான். எனவே அது தள்ளப்பட்டது.

இலக்கணத்தைத் துணைக்கு அழைப்போம். மாத்திரை எண்ணினால் பம்பரம் 4. நடைவண்டி, ஐகாரம் குறுகியும், 4½. கட்டளைக் கலித்துறைக்காரர் ஒற்றை நீக்கி எண்ணுவார். அவருக்குப் பம்பரம் 3, நடைவண்டி 4. வார இதழின் கட்டம் மட்டுமே இரண்டையும் ஐந்து என்கிறது. அரை மாத்திரை மெய்க்கும் முழுக் கட்டம் ஒதுக்கும் இந்தத் தாராளம் யாப்பில் கிடையாது.

1913 டிசம்பர் 21 அன்று 'நியூயார்க் வேர்ல்ட்' இதழில் முதல் குறுக்கெழுத்துக் கட்டத்தை வெளியிட்ட ஆர்தர் வின்னுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவருடைய 26 எழுத்தில் எதைக் கொண்டும் ஒரு சொல்லைத் தொடங்கலாம். தமிழில் புள்ளி வைத்த எழுத்து சொல்லுக்கு முதலில் வராது. டகரமும் ரகரமும் வரா என்கிறது தொல்காப்பியம். (டைரியையும் ரயிலையும் உள்ளே விடுவது கட்டம் போடுபவரின் மனசாட்சியைப் பொறுத்தது.) ஆகவே மேலிருந்து கீழே ஒரு சொல் தொடங்க வேண்டுமானால், பம்பரத்தில் முதல் கட்டமும் மூன்றாம் கட்டமும்தான் இடம் தரும். நடைவண்டியிலும் அதே முதல், அதே மூன்று! பேசி வைத்துக்கொண்டதுபோல் இரண்டும் ஒரே வாசலைத் திறந்து, ஒரே வாசலை அடைக்கின்றன. கீழிருந்து மேலே ஏறும் சொற்களைக் கொண்டு சோதிக்கலாமே என்றால், இந்தக் கட்டத்தில் அப்படி ஒன்றுகூட இல்லை.

இனிப் பொருள். 'சுற்றியது' என்ற சொல் பம்பரக் கட்சியின் கோட்டை. நடைவண்டி உருளும், இடிக்கும், கவிழும், சுற்றுமா? "வீட்டைச் சுற்றி வந்ததே" என்கிறார்கள் எதிர்த்தரப்பினர். தங்கள் பொருளின் தொன்மைக்குப் பட்டினப்பாலையையும் காட்டுகிறார்கள். அதில், உலர வைத்த தானியத்தைத் தின்ன வந்த கோழிமேல் ஒரு பெண் வீசிய காதணி, குதிரையில்லாமல் சிறுவர் உருட்டும் மூன்று சக்கரத் தேருக்கு வழிமறிப்பாகக் கிடக்கிறது. காவிரிப்பூம்பட்டினத்துக் குழந்தை அந்தத் தேரைப் பிடித்து நடந்ததா, இழுத்து விளையாடியதா என்ற கேள்வியை அவர்கள் எழுப்புவதில்லை. மூன்று சக்கரம் என்றதும் கூட்டம் கலைந்துவிடுகிறது.

என் கருத்தில், வழக்கைத் தீர்ப்பது பரண். பம்பரம் பரணுக்குப் போகிற பொருளே அல்ல. வட்டத்துக்குள் வைக்கப்பட்டு, நாலு பேரின் ஆணியால் ஆக்கர் வாங்கிப் பிளந்து போவதே அதன் விதி. தப்பியது சாக்கடையில் விழும். அதற்கும் தப்பினால் வாத்தியாரின் மேசை இழுப்பறை. நடைவண்டியோ அடுத்த குழந்தைக்கு ஆகும் என்று துடைத்து ஏற்றி வைக்கப்படுவது. அடுத்த குழந்தை பிறக்காத வீட்டிலும் அது இறங்குவதில்லை.

இதற்குப் புறச்சான்றும் உண்டு. மூன்றாம் கட்டத்தில் தொடங்கும் "8, மேலிருந்து கீழ்: பாட்டி சுட்டது, காக்கை கொண்டுபோனது (2)." விடை வடை, எனவே மூன்றாம் எழுத்து வகரம். பம்பரக் கட்சியார் பஜ்ஜி என்று வாதாடிப் பார்த்தனர். அதற்கு மூன்று கட்டம் வேண்டும்; கீழே கறுப்புக் கட்டம் காத்திருக்கிறது.

விடை நடைவண்டி என்று நிறுவியாயிற்று. ஆயினும் ஒரு முரண் மிஞ்சுகிறது. மூன்று வயதுக்கு முந்தைய நினைவுகள் பெரியவர்களிடம் பெரும்பாலும் தங்குவதில்லை என்பர் உளவியலார். நடைவண்டி கைக்கு வருவதோ ஏறக்குறைய ஒரு வயதில். தான் தள்ளிய வண்டியை யாரும் ஏக்கத்தோடு நினைத்துக்கொள்ள முடியாது. அதற்குப் பின்னால் குனிந்தபடி, இடுப்பு வலிக்க நடந்தவரால்தான் முடியும். லாஃப்ட் என்னாமல் பரண் என்று எழுதுகிறவர் இளைஞராக இருக்கவும் வாய்ப்பில்லை. ஆகவே அந்தச் 'சின்ன வயது' கட்டம் போட்டவருடையது அன்று. 'மகனின்' என்றோ 'மகளின்' என்றோ முன்னால் ஒரு சொல் இருந்திருக்க வேண்டும். இடம் போதவில்லை என்று இதழில் வெட்டியிருப்பார்கள்.