வயதுவந்தோர் வகுப்புகளில் கைபேசியும் ஒலிப்பதிவும்: தாம்பரம் வட்டாரத்தை முன்வைத்து ஒரு பன்முக நோக்கு

1. ஆய்வு எல்லை

வடக்கே பல்லாவரம், தெற்கே வண்டலூர், கிழக்கே மேடவாக்கம், மேற்கே முடிச்சூர். இந்த நான்கெல்லைக்குள் மாலை நேரத்திலும் ஞாயிற்றுக்கிழமையிலும் படிக்க வரும் பெரியவர்களின் கைபேசிகளே இவ்வாய்வின் தரவு. குரூப் 4 பயிற்சி, தட்டச்சு, ஸ்போக்கன் இங்கிலீஷ், இந்திப் பரீட்சை, அஞ்சல்வழிப் பட்டத்துக்கான காண்டாக்ட் கிளாஸ் எல்லாம் இதில் அடங்கும். 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தையும் சேர்ப்பதா என்று நெடிது ஆராயப்பட்டது. அங்கே போய்த் திரும்பும் நேரத்தில் இன்னொரு ஆய்வேடே எழுதிவிடலாம் என்பதால் கைவிடப்பட்டது.

2. மூலபாடச் சிக்கல்

இவ்வட்டாரத்து வகுப்பறைச் சுவர்களில் லேமினேட் செய்த கல்வெட்டு ஒன்று பரவலாகக் கிடைக்கிறது. அதன் வாசகம் மூன்று வாக்கியங்களால் ஆனது. வகுப்பில் செல்போன் பயன்படுத்தக் கூடாது. ஒலிப்பதிவு, ஒளிப்பதிவு கண்டிப்பாகக் கூடாது. முழு விதிமுறைகளுக்கு வாட்ஸ்அப் குழுவைப் பார்க்கவும்.

மூன்றாம் வாக்கியம் முதல் வாக்கியத்தோடு முரண்படுவதால் அது இடைச்செருகல் என்பர் ஒரு சாரார் (வாய்மொழி, கடைசி பெஞ்சு). மூன்றாவதே மூலபாடம், முதல் இரண்டும் பிற்காலத்தார் கைவரிசை என்பர் மற்றொரு சாரார் (மேலது, மின்விசிறிக்கு நேர் கீழிருந்து பெறப்பட்டது). இரு சாராரும் ஒரே வாட்ஸ்அப் குழுவில்தான் இருக்கிறார்கள்.

3. வரலாற்றுப் பின்னணி

எந்த ஆய்வையும் கற்காலத்தில் தொடங்காவிட்டால் நெறியாளர் கையெழுத்துப் போடமாட்டார். நல்லவேளையாக, கற்காலம் நம் எல்லைக்குள்ளேயே இருக்கிறது. 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். இந்தியாவின் பழங்கற்கால ஆய்வு அதிலிருந்துதான் தொடங்குகிறது. அக்கருவி கையில் அடங்கும், சார்ஜ் கேட்காது, கீழே விழுந்தால் கண்ணாடி போகாது. அதை அணைத்துப் பைக்குள் வைக்கும்படி எவரும் பணித்ததாகச் சான்றில்லை.

அடுத்த சான்றுக்குப் பதின்மூன்றாம் நூற்றாண்டுவரை காத்திருக்க வேண்டும். நன்னூல் தந்த பவணந்தியார் மாணவர்களை அன்னம், பசு, மண், கிளி, ஓட்டைக்குடம், ஆடு, எருமை, நெய்யரி என்று தரம் பிரித்தார். சைலன்ட்டில் வைப்பவர், வைப்ரேட்டில் வைப்பவர், வைக்கவே தெரியாதவர் என்று பிரிக்க அவருக்கு வாய்ப்பில்லை. ஆனால் பாடத்தை இரண்டாம் முறை கேட்டால் பிழை குறையும், மூன்றாம் முறை கேட்டால் பிறர்க்கு எடுத்துச் சொல்லவும் வரும் என்ற கருத்து அவரிடம் உண்டு. எட்டு மணிக்கு அடுத்த பேட்ச் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது, இரண்டாம் முறை யார் சொல்வது? ஆகவே ரீவைண்ட் பொத்தானுக்கு நன்னூலார் உடன்பாடு என்று துணியப்படும்.

1978 அக்டோபர் 2 அன்று தேசிய வயதுவந்தோர் கல்வித் திட்டம் தொடங்கியது. 15 முதல் 35 வயது வரையானவர்களுக்கு எழுத்தறிவு தருவது அதன் குறி. கைபேசி குறித்து அது ஏதும் சொல்லாதது ஆய்வாளருக்குப் பெரும் இழப்பு.

4. பதிவின் வகைகள்

முழுப்பதிவு: இரண்டு மணி நேரம் ஓடும். போன் மெமரி தீர்ந்ததும் கல்யாண வீடியோவுக்கு முன்பாக இதுதான் அழிக்கப்படும்.

பலகைப் படம்: முன்வரிசைக்காரரின் தலைக்குப் பின்னால் ஒரு சூத்திரத்தின் வலப்பாதி.

பைப்பதிவு: ஜிப் சத்தம்.

வான்வழிப் பதிவு: இது பல்லாவரத்துக்கும் குரோம்பேட்டைக்கும் உரியது, மீனம்பாக்கம் ஓடுபாதையின் கொடை. விமானம் எப்போதும் ஆண்டைச் சொல்லும் நேரத்தில்தான் தலைக்கு மேல் வரும். மூன்றாம் பானிப்பட்டுப் போர் நடந்தது 1761இல். பதிவில் அது 'ஆயிரத்து எழுநூத்தி' என்று தொடங்கி, அரை நிமிட இரைச்சலுக்குப் பின், 'இதை மட்டும் மறக்கவே கூடாது' என்று முடிகிறது. விடுபட்ட இரண்டு இலக்கங்களை நிரப்பப் பாடவேறுபாடுகள் பல முன்மொழியப்பட்டுள்ளன. ஒருவர் ஐம்பத்தேழு என்று ஊகித்துப் பிளாசியையும் பானிப்பட்டையும் ஒரே நாளில் நடத்தி முடித்தார் (சானடோரியம் டீக்கடைப் பிரதி, எண்ணெய் படிந்த மூன்றாம் மடிப்பு, பஜ்ஜி பொதிந்திருந்த பகுதி சிதைந்துள்ளது).

5. சட்டநிலை, குறிப்பாகப் பாம்பாட்டி

பதிவு செய்யாதே என்பவர்கள் காப்பிரைட் என்ற சொல்லை உச்சரித்துவிட்டு ஒரு கணம் மௌனமாக நிற்பது வழக்கம். அந்த மௌனத்தைப் பயன்படுத்தி, 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தைத் திறந்து பார்த்தோம். 1994 திருத்தத்தில் வடிவம் பெற்ற அதன் 2ஆம் பிரிவு, க்யூக்யூ உட்பிரிவு, 'நிகழ்த்துவோர்' யார் என்று வரையறுக்கிறது. நடிகர், பாடகர், இசைக்கலைஞர், நடனக் கலைஞர், கழைக்கூத்தாடி, பந்து வித்தைக்காரர், கண்கட்டு வித்தைக்காரர், பாம்பாட்டி, அடுத்து விரிவுரை ஆற்றுபவர்.

படிப்பவர் மறுபடி ஒருமுறை படித்துக்கொள்ளலாம். பாம்பாட்டிக்கு அடுத்து வாத்தியார்.

இவ்வரிசை குறித்து மூன்று கொள்கைகள் நிலவுகின்றன. முதலாவது ஒப்புமைக் கொள்கை: இருவர் எதிரிலும் ஒரு கூட்டம் கண்ணிமைக்காமல் உட்கார்ந்திருக்கிறது. இரண்டாவது வேற்றுமைக் கொள்கை: பாம்பாட்டியின் கூட்டம் விழித்திருக்கிறது. மூன்றாவது இறங்குவரிசைக் கொள்கை: பட்டியல் வருமானப்படி அமைந்தது; ஆகவேதான் நடிகர் முதலில், விரிவுரையாளர் கடைசியில். அரசுக் கல்லூரிக் கௌரவ விரிவுரையாளர்கள் இம்மூன்றாவதை விவாதமின்றி ஏற்றுக்கொண்டனர். பாம்பு யாருக்கு உவமை என்ற கிளைச்சிக்கல் தனி நூலாக விரியும். அது மாணவர் என்பது பழைய உரை, நிறுவனத் தாளாளர் என்பது புத்துரை (காண்க: முந்நூறு பக்க மறுப்புரை, அதற்கு அதே ஆசிரியர் வேறு பெயரில் எழுதிய பாராட்டுரை, இரண்டையும் படிக்காமலே மேற்கோள் காட்டும் ஏழு ஆய்வேடுகள், அந்த ஏழிலும் பக்க எண் ஒரே மாதிரி தவறாக இருப்பது ஒப்புநோக்கி மகிழத்தக்கது).

பாம்பாட்டியோடு உட்கார்ந்ததில் வாத்தியாருக்கு லாபமும் உண்டு. தம் நிகழ்த்துகையைப் பதிவு செய்யும் உரிமை, 2012 திருத்தத்தின் 38ஏ பிரிவின்படி, அவருக்கே உரியது. 38ஆம் பிரிவின்படி அந்த உரிமை, நிகழ்த்திய ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 50 ஆண்டு செல்லும். 2025இல் செலையூரில் எடுத்த சதவீதக் கணக்கு வகுப்பு 2075 டிசம்பர் 31 வரை காப்புடையது. 2076 ஜனவரி முதல் தேதி அந்தச் சதவீதத்தை எவரும் எடுத்தாளலாம்.

ஆனால் அடுத்த 39ஆம் பிரிவு வரை எவரும் படித்ததாகத் தெரியவில்லை. பதிவு செய்பவரின் சொந்தப் பயன்பாட்டுக்கோ, உண்மையான கற்பித்தலுக்கும் ஆய்வுக்கும் மட்டுமோ செய்யப்படும் பதிவு, நிகழ்த்துவோர் உரிமையை மீறியதாகாது என்று அது சொல்கிறது. வீட்டில் போட்டுக் கேட்கப் பதிவு செய்யும் பெண்மணி இந்தப் பிரிவுக்குள் நிழலில் நிற்கிறார். அதைக் குழுவுக்குக் குழு தள்ளிவிடும் பக்கத்து இருக்கைக்காரர் வெயிலில் நிற்கிறார். நிறுவனம் சேர்க்கைப் படிவத்தில் தனி நிபந்தனை போடலாம். அது அவர்கள் வீட்டு விதி. அதற்குச் சட்டத்தின் பெயரைச் சூட்டுவதுதான் கண்கட்டு வித்தை. அந்த வித்தைக்காரரும் பட்டியலில் இருக்கிறார்.

6. அழைப்பு வரும்போது: கள ஆய்வு

'அக்கா, போனை உள்ள வைங்க.'

'சார், சிலிண்டர் வந்திருக்கு. ஓடிபி கேக்குறாங்க.'

'சொல்லிட்டு வைங்க.'

'ஏழு, ரெண்டு, ரெண்டு, ஒம்போது.'

பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு விதித்ததை இவருக்கு விதிக்க முடியாததன் காரணம் இந்த நான்கு வரியில் இருக்கிறது. பிள்ளைக்குச் சிலிண்டர் வருவதில்லை. ஸ்கூல் வேன் வராத சேதி, மாமியாரின் மாத்திரை, மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்தில் நாளைய ஷிஃப்ட் மாறியது எல்லாம் வயதுவந்தோருக்கு அந்தக் கருவி வழியாகத்தான் வந்து சேர்கின்றன.

இன்னொன்றையும் இங்கே பதிவு செய்ய வேண்டும். அன்றைய ஒலிப்பதிவைப் பரிசோதித்ததில் 1761 கேட்கவில்லை. ஓடிபி துல்லியமாகக் கேட்டது. சாரத்தை ஒழுகவிட்டுக் கசடைப் பிடித்துவைக்கும் நெய்யரியைப் பவணந்தியார் ஏன் கடைசி வரிசையில் வைத்தார் என்பது இப்போது தெளிவாகிறது.

7. அறிஞர்களின் கவனம்

கைபேசி பெரியவர்களின் கவனத்தைக் குலைக்கிறது என்று கருத்தரங்கக் கட்டுரைகள் வந்தவண்ணம் உள்ளன. 2020 ஊரடங்கில் இணையவழிப் பன்னாட்டுக் கருத்தரங்குகள் பெருகியதை நாடு மறக்கவில்லை. பெயரைப் பதிந்து, மைக்கையும் கேமராவையும் அணைத்துவிட்டு, கடைசி ஐந்து நிமிடத்தில் பின்னூட்டப் படிவத்தை நிரப்பினால் மின்சான்றிதழ் வந்து விழும். அச்சான்றிதழ்களைக் கோப்பில் அடுக்கிப் பதவி உயர்வுப் புள்ளி கேட்டவர்கள், தட்டச்சு வகுப்பில் ஒரு தையல்காரர் போனைப் பார்த்ததற்காக நாற்பது பக்கம் வருந்துகிறார்கள். அவர்களது கவனம் அந்த நாட்களில் எங்கே இருந்தது என்பது, கேமரா அணைந்திருந்ததால், ஆய்வுக்கு எட்டவில்லை.

8. முடிவுகள்

அ. பதிவு செய்பவர் பாடம் கேட்க மனமில்லாதவர் என்ற கருதுகோள் நிற்கவில்லை. பத்து மணி நேரம் நின்று வேலை பார்த்துவிட்டு வந்து, எட்டாவது நிமிடத்தில் தலை சாயும் என்று தெரிந்தே பொத்தானை அழுத்துகிறார். மறுநாள் காலை தாம்பரத்தில் ஏறிக் கிண்டியில் இறங்குவதற்குள் ஒரு பாடம் கேட்டுவிடுவார்.

ஆ. பதிவால் ஆசிரியருக்கு நட்டம் என்ற அச்சம், அதே வகுப்பை ஆப்பில் விற்கும் இடங்களில் அதிகமாகவும், விற்காத இடங்களில் குறைவாகவும் காணப்படுகிறது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்று கேட்பது நாகரிகமன்று.

இ. தேவையான விதிகள் நான்கு. உனக்காகப் பதிவு செய். ஆசிரியரிடம் சொல்லிவிட்டுச் செய். பிறருக்கு அனுப்பாதே. அழைப்பு வந்தால் வெளியே போய்ப் பேசு. இவற்றை ஒரு தாளில் எழுதி ஒட்டப் பத்து ரூபாய் ஆகும். இதையே ஐந்து இயல்களாக விரித்தால் முனைவர் பட்டம் கிடைக்கும்.

9. மேலும் ஆய்வுக்குரிய களங்கள்

தட்டச்சு வகுப்பில் இயந்திரச் சத்தத்துக்கு நடுவே ரிங்டோன் கேட்பது எப்படி. பலகைப் படங்களில் பதிவாகியுள்ள தலைகளின் வகைப்பாடு. விரிவுரையாளருடன் ஒரே வரியில் தங்களைச் சேர்த்ததற்குப் பாம்பாட்டிகள் தரப்பில் ஆட்சேபம் ஏதும் உண்டா.