ஆமை வேண்டாமென்றவர்கள்

1950-களில் ஃபோர்டு கம்பெனிக்குத் தீராத ஒரு மனக்குறை. கையில் நாலு காசு சேர்ந்ததும் ஃபோர்டு வைத்திருந்தவன் நேரே ஜெனரல் மோட்டார்ஸின் பியூக்கோ ஓல்ட்ஸ்மொபைலோ வாங்கப் போய்விடுகிறான். பெண்ணை வளர்ப்பது இவர்கள், சீர் வாங்குவது அவர்கள். சரி, நடுத்தர விலையில் நாமும் ஒரு கார் விடுவோம் என்று கிளம்பினார்கள்.

முதலில் பேர். கார் பிறகு. மரியான் மூர் என்ற பெரிய கவிஞரிடமே கேட்டார்கள். அவரும் சிரத்தையாகப் பட்டியல் பட்டியலாக அனுப்பினார். அதில் ஒன்று 'யுடோப்பியன் டர்ட்டில்டாப்'. கார் விற்பவனுக்கு ஆமை! ஆமை புகுந்த வீடு என்னாகும் என்று டெட்ராய்ட்காரர்களுக்கும் தெரிந்திருக்கும் போல, நாசூக்காகத் தவிர்த்துவிட்டார்கள். விளம்பர ஏஜென்சி தன் பங்குக்கு ஆயிரக்கணக்கில் பேர்களைக் கொண்டுவந்து கொட்டியது. எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, முதலாளி வீட்டில் காலமானவர் பேரையே வைத்தார்கள்: எட்ஸெல். ஹென்றி ஃபோர்டின் மகன். அதற்கு எதற்கய்யா கவிஞர்?

டிசைன்காரர்கள் கியர் பட்டன்களை ஸ்டியரிங்கின் நட்டநடுவில், வழக்கமாக ஹாரன் இருக்கும் இடத்தில் வைத்தார்கள். ஹாரன் அடிக்கப் போய் கியரை அமுக்கியவர்கள் உண்டு. முன்பக்கக் கிரில்லைப் பார்த்து, 'எலுமிச்சம்பழத்தைச் சப்பும் ஓல்ட்ஸ்மொபைல்' என்று ஊரே சிரித்தது. நம் ஆட்கள் புதுக் காருக்கு எலுமிச்சையை டயருக்கு அடியில் வைப்பதோடு சரி.

ஃபேக்டரி கதைதான் உச்சம். எட்ஸெலுக்கென்று தனி ஃபேக்டரி கிடையாது. ஃபோர்டு, மெர்க்குரி கார்கள் போகும் லைனில் நடுநடுவே நுழைந்து வர வேண்டும், ஒண்டுக்குடித்தனக்காரர் குழாயடியில் முறை கேட்பது போல. கை பழகிய வேலைக்கு நடுவே திடீரென்று இது வந்து நின்றால் தொழிலாளி என்ன செய்வார்? கிடைத்த பாகத்தை மாட்டினார்கள். கிடைக்காததைச் சீட்டில் எழுதி ஸ்டியரிங்கில் வைத்து டீலர் தலையில் கட்டினார்கள்.

விளம்பரத்துறைக்கு இதெல்லாம் யார் சொல்வது? அவர்கள் காரைக் கண்ணிலேயே காட்டாமல், 'வருது, வருது' என்று மாதக்கணக்கில் தண்டோரா போட்டார்கள். 1957 செப்டம்பர் 4 அன்று திரை விலகியது. திருவிழாக் கூட்டம். பார்த்தார்கள், கதவைத் திறந்து மூடினார்கள், வீட்டுக்குப் போனார்கள். போதாக்குறைக்குப் பொருளாதார மந்தம் வேறு.

எட்ஸெலை ஆரம்பம் முதலே பிடிக்காத கணக்குப்புலி ராபர்ட் மெக்னமாரா செலவுக்குக் கத்திரி போட்டார். 1959 நவம்பரில் கடையைக் கட்டியபோது கை கடித்தது சுமார் 25 கோடி டாலர். அந்தப் புலி பிறகு அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சராகி வியட்நாமைக் கவனிக்கப் போனது தனிக்கதை.

இத்தனை பேரில் கையைச் சுட்டுக்கொள்ளாதவர் மரியான் மூர்தான். 1955 கிறிஸ்துமஸுக்கு அந்த ஆமைப் பேரைச் சொல்லியே கம்பெனி அவருக்கு ஒரு ரோஜாக் கொத்து அனுப்பியிருந்தது.